வைஸ் மாமா

சப்பாத்திப் பலகை நடுவாக அறுபட்டுத் திண்ணையில் கிடந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாவாட்டப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடக் குடித்தனம். அன்று ராத்திரி தோசைதான் என்பதைத் தனியாக வேறு அறிவிக்க வேண்டுமா?

மாமா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் பல ரகம். கோட்டை பைரவர் கோயில் வாசலில் உட்கார்ந்து, கும்பிட நிற்கிற கார்களின் நம்பரைப் பார்த்து எந்த ஊர் வண்டி என்று சொல்பவர்; டீக்கடைப் பேப்பரை டெண்டர் அறிவிப்பு உட்படப் படித்து மடித்து வைப்பவர். திருமயத்திலேயே நாலைந்து ரகம் பார்க்கலாம். மாமா வைஸ் ரகம். சாமானை இறுக்கிப் பிடிக்கிற ஆறங்குல பெஞ்ச் வைஸ் ஒன்றைத் திண்ணையில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிற யாரும் அதில் ஒருமுறை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனதில்லை.

இந்த ரகத்தாருக்குச் சில அடையாளங்கள் உண்டு. வளைந்த ஆணியைத் தூக்கிப் போட மாட்டார்கள். எந்தக் கடையிலும் விலை கேட்பார்கள், வாங்க மாட்டார்கள். "இதை நம்மளே செஞ்சுடலாம்" என்று அவர்கள் வாயால் ஒரு தடவை வந்துவிட்டால், அந்தப் பொருள் அந்த வீட்டுக்குள் வர ஆறு மாதம் ஆகும்.

துப்பாக்கித் தொழிற்சாலை ஆள் என்றதும், கடலைக் கொல்லையில் பன்றித் தொல்லை தாங்காத சம்சாரிகள் தேடி வந்து காதோரமாகக் கேட்பார்கள். மாமா திண்ணையிலேயே வைத்துச் சட்டம் சொல்லி அனுப்புவார். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் ரைபிள் பூட்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு; குழலைக் கீறாமல் வைஸில் பிடிக்கவென்றே தனிக் கட்டைகள் விற்கிறார்கள். இங்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்யவும் விடாது, பழுது பார்க்கவும் விடாது. மாமாவுக்கு மிஞ்சியது ஏர் கன். 4.5 மில்லிமீட்டர் வாய், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் அதை வைத்திருக்க உரிமம் வேண்டாம். திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அதே சாமான்தான்.

திருவிழா திருவிழாவாகப் பலூன் கடை போடும் தம்பி ஒருவன் அப்படித்தான் வந்து சேர்ந்தான். "மாமா, அடிச்சா பெல்லட்டு பலூனைத் தொட்டுட்டுக் கீழ விழுவுது." உள்ளே பிஸ்டனின் தோல் வாஷர் காய்ந்து போயிருக்கும், அதை மாற்ற அரைமணி நேர வேலை. ஆனால் குழலை வைஸில் பிடித்தாக வேண்டும். வைஸின் வாயிலோ கெட்டி எஃகுப் பல். வெறும் பல்லில் கடிக்க விட்டால் குழலில் தழும்பு விழும். அதிகமாக இறுக்கினால் மெல்லிசுக் குழல் முட்டை வடிவமாகிவிடும். பிறகு பிஸ்டன் உள்ளே ஓடாது. "பிடிக்கிறது பிடிபடுறதவிட மெத்துன்னு இருக்கணும், மாப்ள" என்றார் மாமா.

திருச்சியில் ஒரு கடையில் அதற்கென்றே நடுவில் பள்ளம் வெட்டிய அலுமினியத் துண்டு ஒரு ஜோடி 650 ரூபாய் என்று சொன்னார்கள். மாமா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அத்தைக்குத் தெரியும். அன்றே தாமிரச் சொம்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முதலில் மாங்கட்டை. இறுக்க இறுக்க அமுங்கியதே தவிரப் பிடிக்கவில்லை. அடுத்து சைக்கிள் டியூப். துப்பாக்கியில் இருந்த எண்ணெய் பட்டதும் குழல் அதற்குள் சுகமாகச் சுழன்றது. மூன்றாவதுதான் சப்பாத்திப் பலகை. மாமா அதைப் பாதியாக அறுத்து, இரண்டு பக்கமும் வைத்து இறுக்கி, பின்பக்கத்து ஊசியைத் தட்டினார். ஏர் கன்னுக்குள் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். தட்டையான பலகை உருண்டைக் குழலை எத்தனை நேரம் பிடிக்கும்? குழல் நழுவியது, ஸ்பிரிங் மேலே போனது. மாமா வீட்டுக் கூரையில் இப்போது ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது. வெளிச்சத்துக்காக வைத்தது என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்.

பழைய இரும்புக் கடையில் சும்மா கிடைத்த அலுமினிய ஆங்கிளையும் பார்த்தார். "அதுல அரப்பொடி பதிஞ்சா அதுவே அரமாயிடும்" என்று அவரே ஒதுக்கினார். கடைசியில் காரைக்குடிக்குப் பஸ் ஏறினார். முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் விற்கிற இடத்தில், பர்மாத் தேக்கில் ஒரு துண்டு. கப்பலில் வந்து ஒரு வீட்டை மூன்று தலைமுறை தாங்கிய மரம். பலூன் துப்பாக்கியைத் தாங்க அதுதான் தகுதி என்று மாமா முடிவு செய்தார்.

அடுத்து அவர் செய்ததை மட்டும் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. குழல் கனத்துக்குச் சரியாக ஆசாரியிடம் துளை போட்டு வாங்கி, துளையின் நடுவாகக் கட்டையை நீளவாக்கில் அறுத்தார். இரண்டு பாதியையும் சேர்த்தால், பிளேடு தின்ற அளவுக்கு ஒரு சந்து விழும். அந்தச் சந்துதான் இறுக்க இடம் கொடுக்கிறது. உள்ளே தம் இடது கால் செருப்பை அறுத்துத் தோல் ஒட்டினார். குழல் ஆடவும் இல்லை, அதில் கீறலும் இல்லை. அன்று சாயங்காலம் மாமாவோடு கோட்டைக்குப் போனேன். சேதுபதி 1687இல் கட்டியது என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே உச்சிக்கு ஏறியவர், அங்கிருக்கும் பீரங்கியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத எதுல பிடிச்சு வேல பாத்திருப்பான்?"

கணக்கு நான் போட்டது. தேக்கு 350, காரைக்குடிக்கு இரண்டு நடை பஸ்ஸும் டீயும் 160, ஆசாரி கூலி 150, கண்ணாடி ஓடு 180, பலகையின் விலை 220. ஆக 1,060. செருப்பைச் சேர்க்கவில்லை. "கடையில 650 கேட்டானே!" என்று மாமா இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார்.

நார்த்தாமலைப் பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் பலூன் தம்பி திரும்பி வந்தான். முகம் வாடியிருந்தது.

"சரியா அடிக்கலையா?"

"சரியா அடிக்குது மாமா. அதான் சிக்கல். மூணாப்பு படிக்கிற பயல்லாம் ஒண்ணு விடாம ஒடைக்கிறான். பலூனுக்கே கட்டுப்படியாகல. கொஞ்சம் கோணலாக்கிக் குடுங்களேன்."

மாமா எழுந்து, தேக்குக் கட்டையைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டு போய் வைத்தார். "என் வைஸ்ல அது ஆவாது தம்பி."

தம்பி வேறொரு பட்டறைக்குப் போனான். அங்கே கட்டையும் இல்லை, தோலும் இல்லை. வெறும் பல்லில் வைத்து ஒரு திருகு. ஐந்து நிமிடம், முப்பது ரூபாய். இப்போது துப்பாக்கி இரண்டு பலூன் இடதுபக்கம் தள்ளிச் சுடுகிறது. வியாபாரம் நன்றாகப் போகிறதாம்.

மாமா வீட்டில் இன்னும் தோசைதான். சப்பாத்திப் பலகையை நம்மளே செஞ்சுடலாம் என்று சொல்லியிருக்கிறார்.