அறுபத்தெட்டு டாலர் கிட்டார்க்காரர்

பொருள் வாங்கியவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகப் பெருமை பேசுவார்கள். எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா என்பது ஒன்று. எவ்வளவு குறைத்தேன் தெரியுமா என்பது மற்றது. பழைய மலிவு எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். தன்னுடைய கிட்டார் பிறந்தபோது எவ்வளவு மட்டமான விலைக்கு விற்றது என்பதுதான் அவருக்குப் பெருமை. "அறுபதுகள்ல சியர்ஸ் கேட்டலாக்ல இதோட விலை அறுபத்தெட்டு டாலர் சார். அதுவும் ஆம்ப் சேர்த்து!" என்பார். அதே காலத்தில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 250 டாலருக்கு மேல் விற்றது என்பதையும் கேட்காமலே சேர்த்துக்கொள்வார்.

"நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார். உண்மையில் அந்தக் கிட்டாருக்கு மூன்று விலைகள். கேட்டலாக் விலை ஊருக்கெல்லாம் தெரியும். வாங்கிய விலை நெருங்கிய நண்பர்களுக்குத் தெரியும். வாங்கிய பிறகு ரிப்பேருக்கு ஆன விலை கிரெடிட் கார்டு கம்பெனிக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். இருவரில் கம்பெனிதான் பொறுமைசாலி.

சிகாகோவின் புறநகர்களில் இவரைச் சுலபமாகப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, பேஸ்மென்டில் கொஞ்சம் இடமும் சாயங்காலங்களில் கொஞ்சம் நேரமும் காலியானவர். படிக்கிற காலத்தில் ஹாஸ்டல் நண்பனின் கிட்டாரை இரவல் வாங்கி நாலு கார்டு பழகியிருப்பார். கல்கத்தாவில் செய்த கிவ்சன் அது. அமெரிக்கக் கிப்சனைப் பத்திரிகைப் படத்தில் மட்டுமே பார்த்த பையன்களுக்கு அன்றைக்குக் கிவ்சன்தான் கையில் அகப்பட்ட தெய்வம்.

இப்படிப்பட்டவர் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தது விதிதான். அமெரிக்காவின் மலிவு கிட்டார்களில் பெரும்பகுதி இந்த ஊரில்தான் பிறந்தது. ஹார்மனி, கே, வால்கோ என்ற மூன்று கம்பெனிகளும் இங்கேதான் இருந்தன. தபாலில் பனியன் முதல் டிராக்டர் உதிரிபாகம் வரை விற்ற சியர்ஸுக்கும் அன்று தலைமையகம் இதே ஊர். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் நாட்டிலுள்ள பையன்களெல்லாம் ஒரே ராத்திரியில் கிட்டார் கேட்டு அழ ஆரம்பித்தார்கள். ஹார்மனி மட்டும் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வாத்தியங்களைச் செய்து தள்ளியது. பிறகு ஜப்பானிலிருந்து அதைவிட மலிவாக டைஸ்கோவும் மற்றவையும் வந்து இறங்கின. 1968-இல் வால்கோவும் கேயும் சேர்ந்து திவாலாயின. 1975-இல் ஹார்மனியும் மூடியது. பையன்கள் வளர்ந்து இன்ஷூரன்ஸ் விற்கப் போனார்கள். கிட்டார்கள் பரணுக்கும் பேஸ்மென்டுக்கும் அடகுக்கடைக்கும் போயின. அவற்றைத்தான் நம்மவர் இப்போது ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். நம்பிப் போகலாம், சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் "கீழ ஒண்ணு காட்டணும்" என்பார். கீழே போனதும் வாசிப்பார் என்று எதிர்பார்த்தால் நீங்கள் புதியவர். முதலில் பெட்டியைத் திறந்து, "மோந்து பாருங்க" என்பார். அறுபது வருஷத்துப் பசை, தூசி, யாரோ ஒரு அமெரிக்கப் பையனின் சிகரெட் எல்லாம் கலந்த வாசனை. அடுத்தது பெட்டியின் அதிசயம். அதன் மூடியில் சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பதித்திருக்கும். பெட்டியை நிமிர்த்திவைத்தால் அதுவே ஆம்ப். நியூ ஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ கம்பெனியை நடத்திய நேதன் டேனியல், சியர்ஸுக்காகச் சில்வர்டோன் என்ற பெயரில் செய்துகொடுத்த யோசனை இது. சிக்கனத்தில் அந்த மனிதர் நம் ஊரில் பிறந்திருக்க வேண்டியவர்.

"உடம்பு முழுக்க மரம்னு நினைச்சீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. உள்ளே மரச்சட்டம், மேலும் கீழும் மேசனைட் என்கிற, மர நாரை அழுத்திச் செய்த அட்டை. பீரோவுக்குப் பின்பக்கம் அடிக்கிற சரக்கு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், உதட்டுச்சாயக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. லிப்ஸ்டிக் கம்பெனிகளுக்குச் செய்யும் அதே உலோகக் குழாயை வாங்கி, உள்ளே காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்து மூடிவிட்டார்கள். இந்த இடத்தில் மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வரும்.

"அதுல லிப்ஸ்டிக்காவது இருந்திருந்தா எனக்கு உபயோகப்பட்டிருக்கும். சாரை விடுங்க, மோர் சாப்பிடட்டும்."

கணவர் கேட்காத மாதிரி சுருதி சேர்க்க ஆரம்பிப்பார். இது நீண்ட அத்தியாயம். ஆறு பிருடைகளில் இரண்டு திருகினால் திரும்பாது. ஒன்று திருகாமலே திரும்பும். பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் இடம் ஒரே மரத்துண்டு. தந்திக்குத் தந்தி நீளத்தைச் சரிசெய்ய வழியில்லை. அதனால் கழுத்தின் தலைமாட்டில் சுத்தமாக இருக்கும் சுருதி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போவதற்குள் கொஞ்சம் மனம் மாறியிருக்கும். கழுத்துக்குள் எஃகுக் கம்பி உண்டு. இந்த விலையில் வந்த பலவற்றில் அதைத் திருகி நிமிர்த்த ஏற்பாடு கிடையாது. அறுபது வருஷத் தந்தி இழுப்பில் கழுத்து மெல்ல முன்னால் குனிந்து, தந்திகள் விரல் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அமுக்கினால் விரல் நுனியில் பள்ளம் விழும். அதைக் காட்டுவதிலும் அவருக்கு ஒரு திருப்தி.

அப்புறம் இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை. சுவரில் ஓடும் மின்சாரத்தையும் சேர்த்துக் கேட்கிறது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 தடவை ஊசலாடுவதால், பேஸ்மென்டில் அந்த அறுபதும் முனகும். மேலே யாராவது டிம்மர் விளக்கைக் குறைத்தால் முனகல் சீறலாகும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை வைத்து இந்த இரைச்சலை அடக்கும் வித்தையைக் கிப்சனில் சேத் லவர் 1955-லேயே கண்டுபிடித்துவிட்டார். அது காசு இருந்தவர்களுக்கு. நம்மவரிடம் இருப்பது வேறு வித்தை. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றுவார். வடகிழக்கு மூலையைப் பார்த்து நின்றதும் இரைச்சல் பாதியாகும். மனைவி வாஸ்து பேசினால் சிரிக்கிற மனுஷர், வாசிக்கும்போது மட்டும் திசை பார்க்கிறார். ஆனால் இதில் இயற்பியல் அவர் பக்கம்: காந்தப் புலத்துக்குச் சுருள் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது இரைச்சலை வாங்கும்.

பொங்கல் விழா மேடையில் இந்தத் திசை வசதி கிடையாது. சபையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை வாசிக்க அவர் ஏறி நின்றதும் அரங்கத்துக்குள் ஒரு வண்டு நுழைந்தது. ஒலியமைப்பைக் கவனித்த பையன் முதலில் பாடகியின் மைக்கை மாற்றினான். பிறகு கீபோர்டைப் பிடுங்கினான். பிறகு தபலாக்காரரைச் சந்தேகித்தான். தபலாவில் மின்சாரம் இல்லை என்று அவர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. எல்லோரும் மௌனமான பிறகும் வண்டு இருந்தது. அப்போது நம்மவர் மைக்கில் வந்து, "அது நான்தான். 1962 மாடல்" என்றார். முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது; பாதி, இரைச்சல் நின்றதற்கு.

இவரை நான் பைத்தியக்காரர் கணக்கில்தான் வைத்திருப்பேன், ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருந்திருந்தால். இந்தக் கிட்டார் அவருக்கு வாத்தியம் மட்டுமல்ல, ஜாமீன்தாரர். பாரே கார்டு சரியாக விழவில்லை என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. அபஸ்வரம் வந்தால் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது. அடுத்த வரி மறந்துவிட்டால் பிருடை நழுவிவிட்டது; நிறுத்திச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குள் ஞாபகம் வந்துவிடும். எந்தத் தப்புக்கும் கையெழுத்துப் போட அறுபது வயதுள்ள ஒரு பெரியவர் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மூவாயிரம் டாலர் கிட்டார் இந்த வேலையைச் செய்யுமா?

செய்யாது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நண்பர் ஒருவர் தன் புத்தம்புதுக் கிட்டாரை அவர் கையில் கொடுத்தார். தந்தி வெண்ணெய் போல் அமுங்கியது, சுருதி அசையவில்லை, இரைச்சல் மருந்துக்கும் இல்லை. நம்மவர் கொஞ்ச நேரம் வாசித்தார். முதல் முறையாகத் தன் வாசிப்பைத் தானே தடையில்லாமல் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி எங்கே என்றார்.

மலிவு கிட்டாரைப் பழித்துப் பேசினால் பெரிய மனிதர்கள் வரிசையாகச் சாட்சிக்கு வருவார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் சுப்ரோ. சிகாகோவில் வால்கோ செய்தது. எட்டி வான் ஹேலன் டைஸ்கோவில் பழகினார். லெட் செப்பலின் ஜிம்மி பேஜ் டேன்எலெக்ட்ரோவை மேடையேற்றினார். ஜாக் வைட்டின் சிவப்பு ஏர்லைனுக்கு உடம்பே ஃபைபர்கிளாஸ். எல்லாம் உண்மைதான். பின்னாளில் ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறியதை மட்டும் நம்மவர் சொல்வதில்லை. எதிர்க்கட்சிச் சாட்சியை யார் அழைப்பார்கள்?

உண்மையில் அவர் அழைக்க வேண்டிய ஒரே சாட்சி அவருடைய ஊர்க்காரர்தான்: ஹவுண்ட் டாக் டெய்லர். மிசிசிப்பியில் பிறந்து நாற்பதுகளில் சிகாகோவுக்கு வந்த புளூஸ் கலைஞர். பிறவியில் கைக்கு ஆறு விரல். வலது கையில் இருந்த கூடுதல் விரலை ஒரு நாள் குடிபோதையில் சவரக்கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டார் என்பார்கள். வாசித்ததெல்லாம் மலிவான ஜப்பான் கிட்டார். ஆம்ப் சியர்ஸ் சரக்கு. குழுவில் பேஸ் கிட்டாரே கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். தெற்குப் பகுதியில் ஒரு சின்ன மதுக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வாசித்துக் கூட்டத்தை ஆட வைப்பார். புரூஸ் இக்லாவர் என்ற இளைஞர் அதைக் கேட்டுவிட்டு, இவரைப் பதிவு செய்வதற்காகவே 1971-இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். அந்த முதல் தட்டைக் கேட்டுப் பாருங்கள். கிட்டார் கரகரக்கிறது, உறுமுகிறது, சில இடங்களில் சுருதி அதன் பாட்டுக்குப் போகிறது. எங்கேயும் டெய்லர் நிறுத்தி விளக்கம் சொல்லவில்லை. 1975 டிசம்பரில் அவர் இறந்தார்; ஹார்மனி மூடியதும் அதே வருஷம்தான்.

இந்தத் தட்டு நம்மவரிடமும் இருக்கிறது, முதல் பதிப்பு, பிளாஸ்டிக் உறைக்குள். கிழிந்துவிடும் என்று வெளியே எடுப்பதில்லை.

உதிரிபாக விஷயத்திலும் இதே பக்திதான். ஓடாத பிருடையை மாற்றச் சொன்னால், "ஒரிஜினல் சார்!" என்று பதறுவார். தொலைந்துபோன ஒரு வால்யூம் குமிழுக்காக மாதக்கணக்கில் அலைந்து, இன்னொரு செத்த கிட்டாரிலிருந்து கழற்றிய குமிழை, 1962-இல் முழுக் கிட்டார் விற்ற விலையில் பாதிக்கு வாங்கினார். பொருத்திய அன்று வீட்டில் பாயசம். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. தைப்பூசம் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ரிப்பேருக்கு மட்டும் ஒரிஜினல் பேச்சு எடுபடவில்லை. அந்தக் கால மலிவு ஆம்ப்கள் சிலவற்றில் காசு மிச்சம் பிடிக்கப் பவர் டிரான்ஸ்ஃபார்மரையே விட்டுவிட்டார்கள். சுவர் மின்சாரத்தின் ஒரு முனை நேராக ஆம்பின் உலோகச் சட்டத்துக்குப் போகும். அங்கிருந்து கேபிள் வழியாகத் தந்திக்கு. பிளக்கைத் தலைகீழாகச் சொருகிவிட்டு, ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நின்றால் கச்சேரி அன்றோடு சரி. அமெரிக்க ரிப்பேர்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் விதவையாக்கி. அந்தப் பெயரை மனைவி எங்கேயோ கேட்டுவிட்டார்கள். இரண்டாவதாக வாங்கிய ஆம்ப் மறுநாளே ரிப்பேர் கடைக்குப் போய், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் மூன்று முள் பிளக்குமாகத் திரும்பி வந்தது. நம்மவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களுக்கும் இந்த ஆசை வந்திருந்தால் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள்; கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலைமாட்டிலிருந்து உடம்பு வரை கழுத்து நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிக்கப்பிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சுவிட்ச் கரகரப்பது ஒரு ஸ்ப்ரேயில் போய்விடும். பழைய ஆம்பை, விவரம் தெரிந்தவர் திறந்து பார்க்கும் வரை சுவரில் சொருகவே சொருகாதீர்கள். யாராவது சாப்பிட வந்தால், தயவுசெய்து முதலில் ஒரு பாட்டு வாசியுங்கள். பெட்டியை அவர்களே கேட்டால் மோந்து பார்க்கக் கொடுக்கலாம்.