லதாவிலிருந்து விஜயாவுக்கு

புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் சென்னையில் இலக்கியம் படைப்பது நடக்கிற காரியமில்லை. ஒரு மாதம் வாயைக் கட்டிய ஊர் அன்று மொத்தமாகக் கறிக்கடை வாசலில் நிற்கும். எனக்கோ அன்றுதான் ஒரு வார இதழின் தீபாவளிச் சிறப்பிதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதி முடிக்க வேண்டும். "நாளைக்குக் காலையில வந்துடணும் சார். லைட்டா, சிரிப்பா இருக்கட்டும்" என்றார் உதவி ஆசிரியர். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி ஒரு யோசனை வராமலில்லை. வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி மாதிரி பிரமாதமாகத்தான் சுழன்றது. விடிந்து பார்த்தால் வலுவிழந்து ஆந்திரா பக்கம் போய்விட்டிருந்தது.

எழுத்து வராத நேரத்தில் எழுத்தாளனைப்போல் சுறுசுறுப்பான ஆள் கிடையாது. மேஜையைத் துடைத்தேன். பத்து வருஷமாகத் தொடாத மைப்பேனாவைக் கழுவிக் காயவைத்தேன். கணினியைத் திறந்து வெற்றுத் திரையைப் பார்த்தபோது, கோளாறு எழுத்துருவில்தான் என்று பட்டது. "இந்த லதா சரிப்பட்டு வரல, விஜயாவுக்கு மாறிட வேண்டியதுதான்" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். சமையலறையில் மிக்ஸி நின்றது. இரண்டும் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களின் பெயர்கள் என்று மனைவிக்குத் திரையைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் ஒண்ணுமே எழுதலையே!" என்றாள். அப்புறம், "ஏங்க, சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க? போய் ஒரு கிலோ கறி வாங்கிட்டு வாங்க."

யோசிப்பதும் சும்மா இருப்பதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது இந்தத் தொழிலின் சாபக்கேடு.

கடையில் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. புளியமரக் கட்டையில் கத்தி விழுந்துகொண்டே இருந்தது. "நெஞ்செலும்பு நாலு போடுப்பா", "கொழுப்பை எடுத்துடு", "நல்லி இருக்கா?" என்று ஆளுக்கு ஆள் கத்த, கடைக்காரர் எல்லாவற்றுக்கும் காது கொடுத்தார், ஒரு கண் தராசில், ஒரு கண் கல்லாவில். "இன்னிக்கு மூடு இல்லை, செவ்வாய்க்கிழமை வாங்க" என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பார்க்கப் பொறாமையாக இருந்தது. என் முறை வந்ததும், "என்ன சார் யோசனை?" என்றார்.

"கட்டுரை."

"அதெல்லாம் இல்ல சார். ஈரல் வேணும்னா தர்றேன்."

வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்கடை ஓரம் பையோடு ஒதுங்கி நின்றபோது வேண்டாத ஞாபகம் ஒன்று வந்தது. 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் தொடங்கிய 1950 அக்டோபர் 29-ஆம் தேதியும் ஐப்பசி ஞாயிறுதான். பத்திரிகை வேலையையும் பார்த்துக்கொண்டு 1954 வரை கல்கி என்ற அந்த மனிதர் அதை இழுத்துச் சென்றிருக்கிறார். நமக்கு நாலு பக்கத்துக்கே நாக்குத் தள்ளுகிறது. என்னைப்போன்றவர்களுக்கு ஆறுதல் மௌனிதான். 1985-இல் மறைந்த அவர் எழுதிய கதைகள் மொத்தமே 24. எழுத வராத தமிழ் எழுத்தாளர்கள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு இழுப்போம். எண்ணிக்கையை மட்டும் சொல்வோம். எப்படி எழுதினார் என்ற பேச்சை எடுக்கமாட்டோம்.

மதியம் குழம்பு அபாரம். அதன்பின் சாயங்காலம் வரை நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மாடியில் காய்ந்த துணி மறுபடி நனைந்ததாகச் சொன்னார்கள்.

ராத்திரி உதவி ஆசிரியர் பேசினார். கட்டுரை வராவிட்டால் அந்தப் பக்கத்துக்குப் பட்டாசுக் கடை விளம்பரம் ஒன்று தயாராக இருக்கிறதாம். வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். விளம்பரத்திலாவது தள்ளுபடி உண்டு.