டேப்ப எடுக்காத மாப்ள, லாரிக்காரர் கோவிச்சுக்குவாரு

வா மாப்ள, உக்காரு. பத்து சதுரத்துல வீடு கட்டப் போறியாம்ல. சதுரடிக்கு இம்புட்டுன்னு மேஸ்திரி சொன்னாராம், நீ போனுல ஆயிரத்தால பெருக்குனியாம், எஸ்டிமேட் முடிஞ்சதாம். இம்புட்டுச் சுளுவா கணக்கு முடிச்சவன நம்ம வகையறாவுல நான் பாத்ததில்ல. எங்கய்யா, அதான் உன் தாத்தன், கோழிக்கூண்டு கட்டுறதுக்கே மூங்கில எண்ணிப் பாத்துட்டுத்தான் எறங்குவாரு. பாவம், அவருகிட்ட போனு இல்ல.

அந்தச் சதுரடி ரேட்டுல தண்ணித்தொட்டி, செப்டிக் டேங்க், போர், சுத்துச்சுவரு, தற்காலிகக் கரண்டு இதெல்லாம் இருக்கான்னு கேட்டியா? கேட்டுறாத. "அது தனி"ம்பாரு, உனக்குத் தூக்கம் போயிரும். வேல ஆரம்பிச்சா ஒண்ணொண்ணாத் தானே வெளிய வரும், அப்பப் பாத்துக்கலாம்.

நம்ம பக்கம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. சதுரத்துக்கு 40 மூட்ட சிமெண்டு, 350லருந்து 400 கிலோ கம்பி. ஆக உனக்கு 400 மூட்ட, நாலு டன்னுக்குள்ள கம்பி. ஒன் எடம் களிமண்ணா இருந்து பில்லர் ஆழமா எறங்குச்சுன்னா அந்தக் கணக்கும் சேந்து எறங்கிரும். லோன் கேக்கப் போறப்ப பேங்குல சொல்லிக்கிறதுக்கு ஆகும், அவ்வளவுதான்.

நெசக் கணக்கு வேணும்னா கன அடி பாக்கணும். மேல்தளத்த மட்டும் எடுத்துக்க. 1000 சதுரடி, 5 அங்குலம் கனம், பெருக்குனா 417 கன அடி. கலவை சிமெண்டு ஒண்ணுக்கு மணலு ஒண்ணரை, ஜல்லி மூணு. தண்ணி ஊத்திக் கலக்குனா சரக்கு சுருங்கும், அதனால ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேலயே வச்சுக்கணும். அப்பிடிப் பாத்தா 95 மூட்ட சிமெண்டு, ஒண்ணேமுக்கா யூனிட்டு எம் சாண்டு, மூணரை யூனிட்டு முக்கா ஜல்லி. தளத்துக்கே கால்வாசி சிமெண்டு போச்சா? இப்பிடித்தான் அஸ்திவாரம், சுவரு, பூச்சுன்னு தனித்தனியாப் போடணும். போடுறதுக்கு ஒரு சாயங்காலம் ஆகும், டிவியில நாடகம் போயிரும். யோசிச்சுக்க.

லோடு எறங்குறதுதான் பாக்க அழகு. விடியக்காலம் லாரி வந்து நிக்கும். டிரைவரு "மூணு யூனிட்டுண்ணே"ம்பாரு. உன்னய அண்ணேன்னு கூப்பிட்ட மனுசன்கிட்டப் போயி டேப்ப நீட்டுறது மரியாதையா? யூனிட்டுன்னா 100 கன அடி. தொட்டி உள்பக்கம் 14 அடி நீளம், 7 அடி அகலம், சரக்கு ரெண்டரை அடி நிக்குதுன்னா 245தான் ஆகுது. அரை யூனிட்டு எங்க போச்சுன்னு கேட்டா அவரு வானத்தப் பாப்பாரு. நடுவுல கோபுரமாக் குமிச்சிருக்கும், மூலையில பள்ளமா இருக்கும். நாலு மூலையிலயும் நடுவுலயும் கம்பியக் குத்தி ஆழம் பாக்கணும், அஞ்சையும் கூட்டி அஞ்சால வகுக்கணும். வெளிப்பக்கம் அளந்து காட்டுனா தலைய ஆட்டிறாத, பலகை கனத்துக்கும் சேத்துத் துட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு, மணலு லேசா ஈரமா வரும். ஈரமணலு உப்பும், நாலுல ஒரு பங்கு வரைக்கும்கூட. சந்தேகம்னா ஒரு டம்ளர்ல முக்கால்வாசி அந்த மணலப் போட்டு மட்டத்தக் குறிச்சுக்க. அதக் காயிதத்துல கொட்டிட்டு, அதே டம்ளர்ல பாதி தண்ணி ஊத்தி, மணல மறுபடி போட்டுக் கலக்கு. மட்டம் எம்புட்டு எறங்குதோ, அம்புட்டுக்கும் நீ காத்துக்குத் துட்டுக் குடுத்துருக்கன்னு அர்த்தம்.

கம்பிக்கு வா. எம்எம்ம எம்எம்மாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தன கிலோன்னு வரும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளம், ஒண்ணு 10 கிலோ 660 கிராம் பக்கம் இருக்கணும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். எண்ணிக்கையால பெருக்கி எடைமேடைச் சீட்டோட வச்சுப் பாரு. சிமெண்டுக்கு 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆயிருச்சு, கொறஞ்ச பத்து உன் பில்லுல எறங்கிருக்கான்னு பாரு. அதுக்குன்னு சந்தோசத்துல 400 மூட்டையையும் ஒரேடியா எறக்கிறாத. மூணு மாசம் தாண்டுனா சிமெண்டு வலுக் கொறையும்.

தளம் போட்டாச்சுன்னா பாதிக் கிணறுதான் தாண்டிருக்க. கதவு, டைல்சு, வயரிங், பெயிண்டு எல்லாம் அந்தப் பக்கம் நிக்கிது. அதோட எந்த இன்ஜினியரும் எழுதாத ஒரு அயிட்டமும் உண்டு, சொந்தக்காரங்க. உங்கம்மா வந்து பூசையறைய மாத்தச் சொல்லும். எங்க அக்காதான், அதுக்காகச் சொல்லாம விட முடியுமா? நீ கட்டுன சுவத்த இடிப்ப. இடிக்கக் கூலி, அள்ளக் கூலி, திரும்பக் கட்டக் கல்லு. அக்காவ இப்பவே கூட்டியாந்து பிளானக் காட்டு, பென்சிலு கோட்ட அழிக்கக் காசு கிடையாது.

லோடு என்னைக்கின்னு சொல்லு, டேப்பும் கம்பியும் நான் கொண்டாறேன். டிரைவருக்கு நீ டீ வாங்கிக் குடு. ஆனா நான் அளந்து முடிக்கிற வரைக்கும் சரக்கக் கொட்ட விடாத, சீட்டுல கையெழுத்தும் போடாத.