புத்தம் புதிய காப்பி

மதுரைப் பக்கம் எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு மாதம் என்றால் எட்டுப் படம். வெள்ளிக்கிழமை ஒன்று மாறும், திங்களோ செவ்வாயோ இன்னொன்று. ‘நாடோடி மன்னன்’ போன கையோடு ‘வசந்த மாளிகை’ வரும், இடையில் ‘என்டர் தி டிராகன்’ நுழைந்து மூன்று நாள் பையன்களையெல்லாம் சட்டையில்லாமல் அலையவிட்டுப் போகும், டவுனில் ஓடி ஓய்ந்த ஏதாவதொன்று ‘புதுப்படம்’ என்ற மரியாதையோடு வந்திறங்கும். எதுவானாலும் சுவரொட்டியில் ஒரு வரி மட்டும் மாறாது: புத்தம் புதிய காப்பி.

உங்கள் ஊரிலும் போட்டிருப்பார்களே! திரையில் பார்த்தால் கோடுகோடாக மழை கொட்டும். அந்த மழைக்குள் நின்று வசனம் பேசுகிற சிவாஜி, பாதி வாக்கியத்தில் துள்ளி அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். பஸ்ஸில் ஊர் ஊராக அலைந்த பெட்டி, அறுந்த இடத்தை வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டியே ஓடிய ஃபிலிம். போன ஊரிலெல்லாம் சில அடிகளை உதிர்த்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். கார்பன் குச்சி தேய்ந்து வெளிச்சம் மங்கினால் ஆபரேட்டரின் பரம்பரையையே இழுப்போம்.

ஆனால் அதில் ஒரு ருசி இருந்தது. சித்திரையில் பார்த்த ‘கர்ணன்’ ஆடியில் வேறு பெட்டியில் வந்தால் வேறு கர்ணன். ஒரு பாட்டு போயிருக்கும், போன தடவை காணாமற்போன காட்சி திரும்பியிருக்கும். உ.வே.சா. ஏடுகளை ஒப்புநோக்கியதுபோல நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பாடபேதம் பார்ப்போம். 2012-இல் அதே படத்தை டிஜிட்டலில் துடைத்து வெளியிட்டபோது, ஒரு கீறல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை, நான் கண்டேயிராத காட்சிகள் வேறு. இயக்குநர் பந்துலு 1964-க்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் எடுத்துச் சேர்த்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது பழைய படத்துக்கு ‘ரீ-ரிலீஸ்’ என்று பெயர். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை, அங்கே பட்டுப்புடவை பார்த்துவிட்டு, செல்போனில் நாற்காலி எண்ணைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டைவிட விலை கூடிய பாப்கார்னோடு போய்ப் பழசைப் பார்க்கலாம். முப்பதாவது தடவையாக எம்.ஜி.ஆர். வாள் எடுக்கும்போதும் விசிலடித்த பெரிசுகளைப் பார்த்து, ‘இதுகளுக்கு வேறு வேலையில்லை’ என்று சொன்ன இளவட்டம் நான்தான். 2024-இல் ‘கில்லி’க்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்குமுன்னே வசனத்தைச் சொல்லி முடித்த பக்கத்து இருக்கைப் பையன், 2004-இல் பிறந்திருப்பானோ என்னவோ, இடைவேளையில் என் நரையைக் கவனித்தான்.

“அங்கிள், இது ரிலீஸ் ஆனப்பவே தியேட்டர்ல பாத்தீங்களா?”

“முதல் நாள், முதல் ஷோ.”

பெட்டி எங்கள் ஊருக்கு வந்துசேர மாதக்கணக்கானதைச் சொல்லி அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.