ஷியாம்பஜாரில் டிரைவர் இல்லாத கார்

கேள்வி: ஓட்டுநர் இல்லாத கார் எங்கள் ஊரில் எப்போது ஓடும்? விபத்து குறையுமா? (கொல்கத்தா வாசகர்)

பதில்: ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் நிம்மதியாக இருப்பவர், குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் நேதாஜி ஒருவர்தான். கீழே பஸ், மஞ்சள் டாக்சி, ஆட்டோ; நடுவே ஒற்றைக் கையை நீட்டியே போக்குவரத்தை நிறுத்திவிடும் பாட்டி. அந்தக் கை கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமே!

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதி, அவர் இறந்தார். கோடு போடாத இடத்திலும் ஆள் குறுக்கே வரலாம் என்பதையே அந்த மென்பொருளுக்குச் சொல்லித் தரவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. கொல்கத்தாவிலோ அதுதான் அரிச்சுவடி.

மனிதர்கள் மட்டும் ஒழுங்கா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.

ஆனாலும் ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே கதவைச் சாத்திவிட்டார். 2023-இல் மறுபடி தாழ்ப்பாளும் போட்டார்.