மொட்டை டயர் யார் கணக்கில்?

டெலிவரி வண்டிகள் பற்றி டெல்லி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்

கே: காண்ட்ராக்டரின் குட்டி யானை ஓட்டுகிறேன். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் யார் உள்ளே போவது?
*ஓட்டுநர், ஓக்லா*

ப: முதலில் நீங்கள். ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவர் மேல்தான் போலீஸ் முதல் வழக்கைப் போடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில், அலட்சியத்தால் ஒரு உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டு. பிரேக் கெட்டது தெரிந்தே வண்டியை எடுத்தீர்கள் என்றால் உங்களுக்காக வாதாட வக்கீலுக்கும் அதிகம் மிச்சமிருக்காது.

ஆனால் நீங்கள் மட்டும் மாட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவு, பழுதான வண்டியை ஓட்டுகிறவரோடு ஓட்ட வைக்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் ஒன்றாகவே நிறுத்துகிறது. பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொஞ்சம் கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். உங்கள் காண்ட்ராக்டருக்கோ நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கோபம் வருவது அபராதத் தொகையைப் பார்க்கும்போதுதான். பழுதான வண்டிக்கு 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நடந்து ஒருவருக்கு அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். 1,500 ரூபாய்க்கு உங்கள் வண்டிக்கு ஒரு புது டயர் வாங்க முடியாது. டயர் மாற்றுவதைவிடச் சலான் கட்டுவது மலிவாக இருக்கும்வரை "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற பேச்சு நிற்காது.

வாயால் சொல்வதை நிறுத்துங்கள். வண்டி எண், என்ன பழுது, ஒரு போட்டோ மூன்றையும் வாட்ஸப்பில் அனுப்புங்கள். "பரவாயில்ல, ஓட்டு" என்று அவர் பதில் போட்டால் அது அவருடைய கையெழுத்து. அந்தப் பதில் கையில் இருக்கிற தைரியத்தில் வண்டியை எடுத்துவிடாதீர்கள். அது கோர்ட்டில் உதவும், ஆசிரமம் சிக்னலில் உதவாது.

கே: வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறதா என்று காண்ட்ராக்டரிடம் கேட்டால் முறைக்கிறார். வேறு வழி?
*புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பதர்பூர்*

ப: அவரைக் கேட்கவே வேண்டாம். எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைத் தட்டுங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் எந்தத் தேதிவரை என்று வந்துவிடும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குமேல் ஆண்டுதோறும். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, 56வது பிரிவின்படி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம்.

கே: புராரியில் எஃப்.சி. வாங்கின வண்டிதான். ஆனாலும் டயர் மொட்டை. எப்படி?
*அதே ஊர், இன்னொருவர்*

ப: எஃப்.சி. சொல்வது பரிசோதித்த அன்றைய நிலையை. அதற்குப் பிறகு ஒரு வருடம் டெல்லி சாலைகளில் தேய்ந்தது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. நீங்களே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று பொடி எழுத்து இருக்கும். அதற்கு நேராக மேலே, காடிக்குள் ஒரு சின்ன ரப்பர் மேடு. சுற்றியுள்ள பட்டையும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. நான்கு சக்கர வண்டிக்குக் காடி 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும், இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. காலையில் சாவி போடுவதற்கு முன் குனிந்து பாருங்கள். உள்ளே கம்பி தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கே: பெட்டியில் பெரிய கம்பெனி பெயர். ஆர்.சி. (பதிவுச் சான்று) காண்ட்ராக்டர் பெயரில். ஓட்டுவது நான். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்வது கம்பெனியின் ஆப். விபத்து என்றால் மட்டும் "வண்டி எங்களுடையது இல்லை" என்கிறார்கள். இது நியாயமா?
*ஜனக்புரி*

ப: நியாயமில்லை. இந்தச் சாக்கை நம் உச்ச நீதிமன்றம் பேருந்து விஷயத்தில் எப்போதோ கேட்டு, ஏற்க மறுத்திருக்கிறது. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் தனியாரிடமிருந்து ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. பேருந்தும் ஓட்டுநரும் தனியாருடையது, கண்டக்டர் மட்டும் கழகத்தின் ஆள். விபத்து நடந்ததும் "நாங்கள் உரிமையாளர் இல்லை" என்றது கழகம். கைலாஷ் நாத் கோத்தாரி வழக்கில் 1997இல் வந்த தீர்ப்பு, ஆர்.சி. யார் பெயரில் என்பதோடு நிற்கவில்லை. அந்த நேரத்தில் வண்டி யார் சொற்படி ஓடியது என்று பார்த்தது. ஓட்டுநர் கண்டக்டரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், கண்டக்டர் கழகத்தின் ஆள். ஆகவே கழகம்தான் பொறுப்பு. அரசு தேர்தல் வேலைக்குக் கட்டாயமாக எடுத்துக்கொண்ட வண்டி பற்றிய தீபா தேவி வழக்கிலும் இதே வழிதான். வண்டி அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அரசே பொறுப்பு.

இனி உங்கள் ஆப்பைப் பாருங்கள். எந்தச் சாலை, எத்தனை நிமிடம், எத்தனை பெட்டி, தாமதமானால் எவ்வளவு பிடித்தம், எல்லாம் அது சொல்கிறது. அந்தப் பேருந்தின் கண்டக்டருக்குக்கூட இத்தனை அதிகாரம் இருந்ததில்லை. கோத்தாரி தீர்ப்பின் அளவுகோலை டெலிவரி வண்டிக்கும் வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நேரத்தை நிர்ணயிக்கிறவர் பிரேக்குக்கும் பதில் சொல்லட்டும்.

டெல்லிக்கு இது புதிதும் இல்லை. வாஜிராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து குழந்தைகள் செத்தது 1997 நவம்பரில். அதன்பின் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் பேருந்தில் இருக்க வேண்டும், வாடகைப் பேருந்தானாலும் பள்ளிப் பணியில் இருப்பதாக எழுத வேண்டும், ஓட்டுநருக்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். வாடகை வண்டிதானே என்று எந்தப் பள்ளியும் நழுவ முடியாது.

கே: "திடீர் பிரேக் ஃபெயிலியர், யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார் எங்கள் முதலாளி.
*ஆசாத்பூர் மண்டி*

ப: அவர் என்ன செய்திருக்க முடியும் என்பதைத்தான் கோர்ட் அவரிடம் கேட்கும். மினு மேத்தா வழக்கில் (1977) உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இயந்திரக் கோளாறு என்று சொல்கிற உரிமையாளர்தான் அதை நிரூபிக்க வேண்டும். செய்ய வேண்டிய பராமரிப்பை எல்லாம் செய்தும் பழுது கண்ணில் படாமல் இருந்தது என்று அவரே காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 1969இல் முடிந்த ஹெண்டர்சன் வழக்கு இன்னும் கறார். லாரியின் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, ஒருவர் செத்துப்போனார். ஓட்டை விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியாத பக்கம், குழாயைக் கழற்றினால்தான் தெரியும். "பார்க்க முடிந்த பகுதியை எல்லாம் ஒழுங்காகப் பார்த்தோம்" என்றார்கள் உரிமையாளர்கள். அது போதாது என்றது, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. அந்த லாரி என்னென்ன சுமந்தது, எப்படி ஓடியது, துருப்பிடிக்க வழி இருந்ததா என்ற வரலாற்றை உரிமையாளர் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. உங்கள் முதலாளியிடம் சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கே: என்னிடம் கார் லைசென்ஸ்தான். டெம்போ ஓட்டலாமா?
*மயூர் விஹார்*

ப: வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. இந்த ஒரு காரணத்தைக் காட்டி இனி இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க முடியாது.

கே: பழைய வேனை விற்று மூன்று வருடம் ஆகிறது. வாங்கினவர் பெயர் மாற்றவே இல்லை. இப்போது யாரோ அதில் பார்சல் ஓட்டுகிறார்களாம்.
*கரோல் பாக்*

ப: இன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். நவீன் குமார் வழக்கில் (2018) வண்டி பல கை மாறியிருந்தது. ஆனாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்றது கோர்ட். அந்த வேன் எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கே: கிடங்கில் அளவுக்கு மீறி ஏற்றிவிடுகிறார்கள். சலான் வந்தால் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
*நரேலா*

ப: அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஓட்ட வைத்தவரும் இதில் குற்றவாளி. ஓட்டுநர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லியே பாரம் ஏறியது என்று கோர்ட் கருதிக்கொள்ளலாம் என்று 113வது பிரிவு சொல்கிறது. அந்தச் சலானை உங்கள் சம்பளத்தில் பிடிப்பது பகல் கொள்ளை.

ஆஸ்திரேலியாவில் நாலரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பொறுப்புச் சங்கிலி என்றே ஒரு சட்டம் இருக்கிறது. சரக்கு அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர், ஓட்டுநரை வேலைக்கு வைத்தவர் எல்லோருக்கும் அவரவர் பங்குக் கடமை உண்டு. ஓட்டுநர் வேகமாகப் போயே தீர வேண்டும் என்கிற மாதிரி நேரம் குறித்தால், குறித்தவரும் குற்றவாளி. டெல்லிக்கு வேண்டியது அதுதான், குட்டி யானையிலிருந்து தொடங்கி.

கே: பார்சல் வண்டி ஓட்டின என் வீட்டுக்காரருக்குப் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதிக் கால் போய்விட்டது. கம்பெனி காண்ட்ராக்டரைக் காட்டுகிறது. காண்ட்ராக்டர் "அவன் தப்பு" என்கிறார். மூன்று பிள்ளைகள். எங்கே போவது?
*திரிலோக்புரி*

ப: அம்மா, முதலில் கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, போலீஸ் அந்த வண்டியை மெக்கானிக்கை வைத்துப் பரிசோதித்து எழுதிய அறிக்கையின் நகல். பிரேக் எப்படி இருந்தது என்று அதில் இருக்கும். வண்டியைக் காண்ட்ராக்டர் வெளியே எடுத்துப் பழுது பார்ப்பதற்குள் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். விபத்து விவரங்களைப் போலீஸே தொகுத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் முறை டெல்லி உயர் நீதிமன்றத்தின் ராஜேஷ் தியாகி வழக்கில் உருவானது, இப்போது நாடு முழுவதற்கும் விதி. 90 நாளுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும்.

"அவன் தப்பு" என்ற பேச்சுக்குப் பயப்படாதீர்கள். வேலை நேரத்தில் தொழிலாளிக்கு அடிபட்டால் இழப்பீடு தர, பொதுவாக யார் தப்பு என்று பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கான அந்தப் பொறுப்பை வண்டியின் கட்டாய இன்சூரன்ஸே ஏற்கிறது. பாலிசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனியைப் பிடிப்பதுதான் கடினம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் வேலை கொடுத்த பெரிய கம்பெனியும் தர வேண்டும் என்று சொன்னது. ஆனால் அடிபட்ட இடம் கம்பெனி வழக்கமாக வேலை நடத்தும் இடமாகவோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடமாகவோ இருக்க வேண்டும் என்று ஒரு வரியையும் சேர்த்து வைத்தது. கிடங்குக்குள் பெட்டி விழுந்தால் கேட்கலாம், கிடங்கு வாசலைத் தாண்டிச் சாலையில் அடிபட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளக்கூடும். டெலிவரிக்காரரின் வேலை முழுவதும் சாலையில்தானே? ஆலைத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதிய வரி அது. டெலிவரிக்காரருக்கு அதை வைத்தே கணக்கு முடிப்பது அநியாயம். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அது அடிபட்ட பிறகு வரும் உதவி.

கே: எல்லோரும் எங்களையே திட்டுகிறீர்கள். கிலோமீட்டருக்குக் கம்பெனி தருகிற காசில் டீசல், தவணை, சம்பளம் போக டயருக்கு என்ன மிஞ்சும்?
*ஆறு வண்டி வைத்திருக்கும் காண்ட்ராக்டர், ஃபரீதாபாத்*

ப: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெல்லியில் ஓடிய தனியார் புளூலைன் பேருந்துகளை நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் தினசரி இவ்வளவு என்று கேட்பார். ஓட்டுநர் அதை எடுக்க அடுத்த பேருந்தை முந்துவார். 2007இல் மட்டும் நூறு பேருக்கு மேல் அந்தச் சக்கரங்களில் செத்தார்கள். ஓட்டுநர்களைக் கைது செய்து அது நிற்கவில்லை, அந்தப் பேருந்துகளையே சாலையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. பராமரிப்புக்கு இடம் விடாத ரேட்டை நிர்ணயிக்கிற கம்பெனி, மொட்டை டயரையும் சேர்த்தே ஆர்டர் செய்கிறது. ஆறு வண்டிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே குரலில் ரேட்டைக் கேளுங்கள். அதுவரை பிரேக் போன வண்டியின் சாவியை ஒரு பையன் கையில் கொடுக்காதீர்கள். ரேட் குறைவு என்பது அதற்குப் பதில் ஆகாது.

கே: ஒரே ஒரு விதி போட உங்களுக்கு அதிகாரம் தந்தால்?
*ஆர்.கே.புரம்*

ப: எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் உயிரோடு இல்லாத வண்டிக்கு ஆப்பில் ஆர்டர் விழக் கூடாது. ஓட்டுநரின் முகத்தைப் படம் பிடித்து உள்ளே விடுகிற ஆப்புக்கு, அரசின் பதிவேட்டில் ஒரு தேதியைப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. டெல்லி அரசின் 2023ஆம் ஆண்டுத் திட்டப்படி 25 வண்டிகளும் அதற்கு மேலும் வைத்திருக்கும் டெலிவரி நிறுவனங்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், 2030 ஏப்ரலுக்குள் எல்லாம் மின்சார வண்டியாக வேண்டும். வண்டி எதில் ஓட வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு போட முடிகிற அரசால், பிரேக் போட்டால் வண்டி நிற்க வேண்டும் என்றும் உத்தரவு போட முடியும். அந்த லைசென்ஸிலேயே இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்.