பாட்டிலுக்குப் பேரீச்சம்பழம்

எண்பதுகளில் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்துத் தாலுகா ஊர். வீட்டில் காலி பாட்டில் என்றால் அது அம்மாவின் சொத்து. அரசு ஆஸ்பத்திரியில் மிக்சர் மருந்து வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய்க்குக் கழுத்தில் கயிறு கட்டியது ஒன்று. கல்வராயன் மலையிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் கொண்டுவரும் தேனும் பழைய பாட்டிலில்தான் வரும். மிஞ்சியது, பாட்டிலை வாங்கிக்கொண்டு பழம் தரும் பேரீச்சம்பழக்காரருக்கு. அவர் பாட்டிலின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். சில்லு போயிருந்தால் ஓரமாக வைத்துவிடுவார்.

இன்று ஊறுகாய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், உடைந்த பீங்கான் கப், மீந்த சோறு எல்லாம் ஒரே கவரில் குப்பை வண்டிக்குப் போகின்றன. வண்டியில் விழும்போதே பாட்டில் உடைந்துவிடுகிறது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. அட்டையிலும் காகிதத்திலும் சில்லு ஏறினால் அவற்றுக்கும் விலை போய்விடும். சோற்றோடு கலந்தது உரக்குழிக்குப் போகும். எவ்வளவு சலித்தாலும் பொடிச்சில்லு உரத்தில் தங்கி, அதைப் போடும் மரவள்ளிக் கொல்லையில் வெறுங்காலோடு நடப்பவரைக் குத்தும். கண்ணாடி ஆலைக்கு வெள்ளை, பச்சை, பழுப்பு தனித்தனியாக வேண்டும். பீங்கான் கலந்திருந்தால் கண்ணாடி உருகும் சூட்டில் அது உருகாது. புது பாட்டிலுக்குள் கல்லாக நின்று, அந்த இடத்திலேயே விரிசல் விடும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள் கண்ணாடி; பழைய சில்லு சேர்த்தால் உலைக்கு எரிபொருளும் மிச்சம். அதைத்தான் மண்ணில் கொட்டுகிறோம். பழைய இரும்புக் கடையிலும் உடைந்த கண்ணாடியை வாங்குவதில்லை, வண்டி வாடகைக்கே கட்டாது என்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் விரலில் துணி சுற்றியிருந்தார். “கிளவுஸ் குடுத்திருக்காங்க. சில்லு அதையும் கிழிச்சிடுதுங்க” என்றார். குப்பை பிரிப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

காட்டில் கிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. பாட்டில் குப்பையில் சேராமல், உடையாமல், முழுசாகத் திரும்பி வருகிறது. பேரீச்சம்பழக்காரர் செய்ததும் இதையேதான். மது பாட்டிலுக்கு முடிந்தது ஊறுகாய் பாட்டிலுக்கும் முடியும். வாங்கிய மளிகைக் கடையிலேயே அதைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யுங்கள்.